மறு: ‘காஷன்’ – முன்னெச்சரிக்கை வேண்டாம், ‘பதனம்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இயந்திரக் கையேடுகளில் வரும் ‘காஷன்’ (caution) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘முன்னெச்சரிக்கை’ என்று இந்த இழையில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பம்புசெட் கையேடுகளைத் தமிழில் எழுதுவது என் அன்றாட வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்.

கையேட்டில் ஆபத்தின் அளவைச் சொல்ல நான்கு ஆங்கிலச் சொற்கள் வரும்; அவை நான்கு படிகள். பாதுகாப்பு அறிவிப்புகளுக்கான அமெரிக்காவின் ஆன்சி இசட்535 (ANSI Z535) தரநிலைப்படி, ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் உயிர் போகும், அல்லது பலத்த காயம் படும். ‘வார்னிங்’ என்றால் அப்படி நேரக்கூடும். ‘காஷன்’ என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும். ‘நோட்டீஸ்’ என்றால் ஆளுக்குக் காயமில்லை, பொருளுக்குத்தான் சேதம். நிறங்கள் முறையே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம்.

நான் எழுதிய முதல் கையேட்டில் இவை அனைத்துக்கும் ‘எச்சரிக்கை’ என்றே போட்டேன். ஓடி நின்ற மோட்டாரின் மேற்புறம் கையைச் சுடும் என்பதற்கும் எச்சரிக்கை. நீர்மூழ்கி மோட்டாரைத் தண்ணீரில்லாமல் ஓட்டினால் பேரிங் தேய்ந்துவிடும் என்பதற்கும் எச்சரிக்கை. ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொடாதீர்கள் என்பதற்கும் அதே சொல். அச்சான பிரதியை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். நான்கு பக்கம் புரட்டினார். “எல்லாம் எச்சரிக்கைதானே” என்று மூடி வைத்துவிட்டார். கண்டென்சர் வரி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் இன்றும் என்னை உறுத்துகிறது.

‘அபாயம்’ பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை. டிரான்ஸ்பார்மரில் மண்டையோட்டுப் படத்தோடு அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘வார்னிங்’ எச்சரிக்கையாகவே இருக்கட்டும். ‘நோட்டீஸ்’ என்பதற்குக் ‘கவனிக்க’ போதும். சிக்கல் ‘காஷன்’ என்ற மூன்றாம் படியில்தான். ‘முன்னெச்சரிக்கை’ என்பது முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாட்டைக் குறிக்கும் சொல். அதோடு, எச்சரிக்கையை உள்ளே வைத்துக்கொண்டு அதைவிட நீளமாகவும் நிற்கிறது. பார்ப்பவர் அதையே பெரிய ஆபத்தென்று எண்ணுவார். ‘கவனம்’ என்றால் ‘கவனிக்க’ என்பதோடு ஒட்டிக்கொள்ளும். ‘ஜாக்கிரதை’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால், நாய்கள் ஜாக்கிரதை என்று கேட்டில் படித்துப் பழகியவருக்கு, அது எச்சரிக்கையைவிட ஒரு படி கீழே என்று எப்படித் தோன்றும்?

கொங்குப் பக்கத்தில் வீட்டிலிருந்து கிளம்பும் பிள்ளையிடம் “பதனமாகப் போய் வா” என்பார்கள். அதில் மிரட்டல் இல்லை, அடிபடாமல் வா என்ற அக்கறை இருக்கிறது. மஞ்சள் கட்டத்துக்கு வேண்டியது அதுதான். நான்கே எழுத்து, தூரத்திலிருந்தும் படிக்கலாம். உணவைப் பதப்படுத்துவதைச் சொல்லும் ‘உணவுப் பதனம்’ என்ற வழக்கோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். மோட்டாரின் மேல் தனித்து நிற்கும்போது அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது என்றே நம்புகிறேன்.

ஆனால், தஞ்சையிலும் நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தச் சொல் புழங்குகிறதா, எந்தப் பொருளில் என்பதை அந்தந்த ஊர் நண்பர்கள் எழுத வேண்டும். அகராதியைப் பார்த்து அல்ல, பட்டறையில் நிற்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அடுத்த கையேடு மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது.