பழைய ஹையேஸுக்கு ஹாஃப் கட் முன்பக்க செட் எடுக்கலாமா? (மலேசியா, சுங்கை சிப்புட்)

லிந்தாங்ரோட்டு வேன்காரன்:
அண்ணன்மாருங்களே ஒரு யோசனை சொல்லுங்க. என் வேன் 1996 டொயோட்டா ஹையேஸ், மாடல் நம்பர் எல்ஹெச்113, 2.8 டீசல், காய்கறி ஏத்திக்கிட்டு தோட்டத்துக்குள்ள போய் விக்கிறது, செம்பனை லோரி ஓடி ஓடி ரோடெல்லாம் குழி. இப்போ டிரைவர் பக்கம் முன்னாடி இறங்கி நிக்குது, குழியில இறங்குனா டொக்கு டொக்குன்னு சத்தம். ஈப்போ பக்கம் ஒரு ஹாஃப் கட் கடையில (ஜப்பான்லேருந்து வெட்டிக் கொண்டு வந்த பழைய வண்டி முன்பாதி விக்கிற கடை) முன்பக்க செட்டு முழுசா, ஆர்ம் (வீல தாங்குற கை), டோர்ஷன் பார் (ஸ்ப்ரிங் மாதிரி முறுக்கித் தாங்குற இரும்புக் கம்பி), அப்சோர்பர் (குலுக்கல அடக்குறது), நக்கிள் (வீல் மாட்டுற துண்டு) எல்லாம் சேத்து 700 வெள்ளி, பின்பக்கத்துக்கு லீஃப் ஸ்ப்ரிங்கும் (பட்டை பட்டையா அடுக்குன வில்லு) தர்றேன்றாரு கடைக்கார தவுக்கே. எடுக்கலாமா?

ஈப்போ டீசல்:
யோசிக்காம எடுங்க லா. ஜப்பான்ல ஓடுன சாமான், நம்ம தோட்டத்து ரோட்ட கண்ணால பாத்திருக்காது. கடையில புதுசுன்னு தர்ற மலிவு அப்சோர்பர் கொஞ்ச நாள்லயே எண்ணெ கக்குது, அதுக்கு ஒரிஜினல் பழசு எவ்வளவோ மேல்.

பழைய ஃபோர்மேன்:
தம்பி ஈப்போ, ஜப்பான்னா எல்லாம் சுத்தம்னு யாரு சொன்னா? வடக்குப் பக்கம் பனி பெய்யுற ஊர்ல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அந்த வண்டிங்க அடிப்பக்கம் துரு புடிச்சுதான் வரும். டோர்ஷன் பார்ல துரு குழி விழுந்திருந்தா அங்கேருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும், ஒருநாள் லோடோட போறப்போ டமார்னு போயிரும். அப்புறம் ரப்பர். ஆர்ம் மூட்டுல இருக்குற ரப்பர் புஷ், வண்டியில ஓடுனாலும் வயசாகும், கடையில சும்மா கிடந்தாலும் வயசாகும். உங்க எல்ஹெச்113 சேர்ந்த ஹெச்100 மாடல் ஜப்பான்ல 1989ல வந்து 2004ல நின்னு போச்சு, அப்போ அந்தப் புஷ்ஷுக்கு கொறஞ்சது இருபது வயசு. ஆர்ம் இரும்பு நெளியாம இருந்தா தாராளமா எடுக்கலாம், ஆனா புஷ்ஷும் பால் ஜாயிண்டும் (வீல் திரும்புற உருண்டை மூட்டு) புதுசுதான் போடணும். பால் ஜாயிண்ட் கழண்டா வீல் மடங்கி உள்ள போயிரும், அதுல காசு மிச்சம் புடிக்காதீங்க.

ஈப்போ டீசல்:
அண்ணே எல்லாத்தையும் புதுசா மாத்தச் சொன்னா அப்புறம் எதுக்கு செட்டு? புஷ் அடிக்கிற கூலி, பிரஸ் கூலி, அலைன்மென்ட், எல்லாம் கூட்டிப் பாருங்க, காய்கறி விக்கிறவருக்கு கட்டுமா? பழசுலயும் நல்லது இருக்கு, பாத்து எடுக்கத் தெரியணும், அவ்ளோதான். அப்சோர்பர் ராட்ட அமுக்கிப் பாருங்க, கேஸ் டைப்புன்னா தானா மெதுவா மேல வரணும், அமுக்குறப்போ நடுவுல எங்கயும் லூசா விடக்கூடாது, ராட்ல கீறலோ எண்ணெ ஈரமோ இருந்தா வச்சிட்டு வந்துருங்க.

ஸ்கூல்வேன் ராணி:
நான் பிள்ளைங்கள ஏத்துறேன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா புஸ்பகோம் வண்டி சோதனைக்குப் போகணும், கீழ குழியில நின்னு கம்பி போட்டு ஆட்டிப் பாப்பாங்க. எனக்கு பழைய சாமானே வேணாம். அந்தண்ணன் லோடு வண்டி, அவரு இஷ்டம். ஆனா அப்சோர்பர மட்டும் ஒரு பக்கம் பழசு ஒரு பக்கம் புதுசுன்னு போட்டுராதீங்க, பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா சாயும்.

பழைய ஃபோர்மேன்:
சரியா சொன்னீங்க மா. இன்னொன்னு, யாரும் கேக்கல, அது எனக்கு ஆச்சரியம். ஹாஃப் கட்னா முன்பாதிய வெட்டிக் கொண்டு வர்றது. அதுல பின்னாடி லீஃப் எங்கேருந்து வந்துச்சு? ஜப்பான் ஹையேஸ்ல சாமான் ஏத்துற வேன் வேற, ஆளு ஏத்துற வேகன் வேற, வேகனுக்கு பின்னாடி காயில் ஸ்ப்ரிங், வேனுக்குத்தான் லீஃப். தவுக்கே தர்ற லீஃப் இங்கயே லோடு அடிச்சு ஸ்கிராப்புக்குப் போன ஏதோ ஒரு வண்டியோடதா இருக்கலாம். எடுத்தே ஆகணும்னா ரெண்டையும் தரையில பக்கத்துல பக்கத்துல வச்சு வளைவ பாருங்க, பட்டை எத்தனைன்னு எண்ணுங்க, செண்டர் போல்ட் இடம் ஒண்ணா இருக்கணும். லீஃப புடிச்சுக் கட்டுற யூ போல்ட் மட்டும் புதுசு போடுங்க, பழசு இழுபட்டு நீண்டிருக்கும்.

லிந்தாங்ரோட்டு வேன்காரன்:
லீஃப் வேணாம்ணே, பின்னாடி நல்லாத்தான் இருக்கு. முன்னாடி டோர்ஷன் பார் போல்ட்ட முறுக்கி வண்டிய உசத்திட்டா போதும்னு இங்க ஒருத்தர் சொல்றாரு?

ஈப்போ டீசல்:
கொஞ்சம் உசத்தலாம், நானும் பண்ணுவேன்.

பழைய ஃபோர்மேன்:
கொஞ்சம்னா கொஞ்சம்தான். ரொம்ப முறுக்குனா வீல் கீழ இறங்க இடமில்லாம போயிரும், ஒவ்வொரு குழிக்கும் முட்டும், டயரும் ஒரு ஓரமா தேயும். பார் தளர்ந்து போச்சுன்னா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க. இடது வலது வேற வேற, முனையில எழுத்து அடிச்சிருக்கும், முறுக்குற திசைக்கு ஏத்தாப்ல செஞ்சது, மாத்திப் போட்டா சீக்கிரம் ஒடியும். அந்த ஹாஃப் கட் வண்டியில மாடல் நம்பர் அடிச்ச பிளேட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஆர்இஸட்ஹெச்னு இருந்தா பெட்ரோல் இன்ஜின், ஃபோர் வீல் டிரைவாகவும் இருக்கலாம், சாமான் நம்பர ஒத்துப் பாக்காம காசு கட்டாதீங்க. புஷ் போல்ட்ட வண்டி தரையில நிக்கிறப்போதான் கடைசியா டைட் பண்ணணும். ஜாக்கில தூக்கி வச்சே டைட் பண்ணா புது ரப்பரும் முறுக்கிக்கிட்டு கிழியும். இத பல ஒர்க்‌ஷாப்ல செய்யுறதே இல்ல, அப்புறம் சாமான் சரியில்லன்னு சாமான திட்டுறாங்க.

ஈப்போ டீசல்:
பால் ஜாயிண்ட் புதுசு, சரி, அத ஒத்துக்குறேன். மத்தபடி 700 முழு செட்டுக்கு மலிவுதான், நான் எடுப்பேன்.

லிந்தாங்ரோட்டு வேன்காரன்:
பாரும் ஆர்மும் மட்டும் தனியா தருவாரான்னு கேக்குறேன், அப்சோர்பர் புதுசு ஜோடியா பாக்குறேன். பிளேட் போட்டோ கேட்டிருக்கேன், இன்னும் வரல.

ஈப்போ டீசல்:
போறப்போ ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டு போங்க. பாருக்கு புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா சுரண்டிப் பாருங்க, தவுக்கே கத்துவாரு, கத்தட்டும்.