வடசென்னையில் நீங்கள் பார்த்த அபூர்வ ஹார்மோன் கேஸ்கள்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

காசிமேட்டு டாக்டர்

சர்க்கரையும் தைராய்டும் போக மற்ற ஹார்மோன் கோளாறுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அபூர்வம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எனக்கென்னவோ, நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது, அதன் பின்னால் இவை ஒளிந்துகொள்கின்றன என்றுதான் படுகிறது. ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், வயது நாற்பதுக்கு மேல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, பசி இல்லை, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. இதற்குமுன் பார்த்த இடங்களில் அல்சர் மாத்திரையும் சத்து டானிக்கும் கொடுத்திருந்தார்கள். கூட வந்த மனைவி போகிறபோக்கில் சொன்னதுதான் காதில் நின்றது: "ஊறுகா பாட்டிலு ரெண்டே நாள்ல காலி டாக்டர். கருவாட்டுக் கொழம்புக்கே உப்பு பத்தலங்கறாரு."

முகம் நன்றாகக் கறுத்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கடலுக்குப் போகிறவர் கறுக்காமல் என்ன செய்வார்? ஆனால் வெயில் உள்ளங்கை ரேகையைக் கறுப்பாக்காது. கையை விரிக்கச் சொன்னேன். மடிப்பு மடிப்பாகக் கறுப்பு. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் நீலம் பாய்ந்த திட்டுகள். (விரல் முட்டிக் கறுப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பி12 குறைந்தாலும் அப்படி வரும், நம் ஊரில் அதுதான் அதிகம்.) படுத்திருக்கும்போது பி.பி. 100, நிற்கவைத்தால் 80. சோடியம் 124, ரொம்பக் குறைவு. பொட்டாசியம் 5.8, அதிகம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கிற கார்ட்டிசால், காலை 8 மணிக்கு 2-ஐத் தொடவில்லை. 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனாலே ஏறக்குறைய உறுதிதான். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோன் எகிறியிருந்தது. அட்ரினலே பழுதாகிப்போகிற அடிசன் நோய்.

தாமஸ் அடிசன் 1855-இல் இதை எழுதினார். அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோய்தான் காரணம். மேலைநாடுகளில் இன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அழிப்பதுதான் முக்கியக் காரணம். இங்கே நாம் இன்னும் அடிசன் காலத்துக் காரணத்தை மறக்க முடியாது. ஸ்கேனில் இரண்டு அட்ரினலும் வீங்கியிருந்தன. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் இதே தோற்றத்தைக் காட்டும் என்பதால் திசு எடுத்துப் பார்த்தோம். காசநோய்தான்.

அப்புறம் டிபி மருந்தான ரிஃபாம்பிசின் தொல்லை. அது கல்லீரலைத் தூண்டி, கார்ட்டிசாலுக்குப் பதிலாக நாம் கொடுக்கிற ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனை வேகமாகக் கரைத்துவிடும். அளவைக் கூட்டாமல் டிபி மருந்தைத் தொடங்கினால் ஆள் மயங்கி விழுவார். ஓட்டேரி காசநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டில் இதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.

மருந்து எளிது: ஹைட்ரோகார்ட்டிசோனைப் பிரித்துப் பிரித்து, காலையில் அதிகமாக, கூடவே உடம்பில் உப்பைத் தக்கவைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். கஷ்டம் வேறு. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்கணும், வாந்தியெடுத்தால் 100 மி.கி. ஊசி போடணும். நடுக்கடலில் யார் போடுவார்கள்? படகு டிரைவரையும் கூட்டிவரச் சொல்லி, மருந்தைக் கலந்து தொடையில் போடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். முதலில் ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். வலையைத் தைக்கிற கை, என்னைவிட நிதானமாக இருந்தது.

நைட் டியூட்டி

என் பங்குக்கு ஒன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற பையன், முப்பதுகூட ஆகவில்லை. ராத்திரி கல்யாண வீட்டில் பிரியாணி, கூல்டிரிங்க்ஸ். விடியற்காலை ஒன்றுக்குப் போக எழப் பார்த்தால் இரண்டு காலும் வரவில்லை. வீட்டில் பாதிப் பேர் பக்கவாதம் என்றார்கள், மீதிப் பேர் காத்து கருப்பு என்றார்கள். எங்களிடம் வருவதற்குள் வேறெங்கோ குளுக்கோஸ் ஏற்றி, கையும் தளர்ந்துவிட்டது.

பேச்சு தெளிவு. கிள்ளினால் வலிக்கிறது. சுத்தியலால் தட்டினால் முழங்கால் அசையவில்லை. பொட்டாசியம் 1.9, மிகக் குறைவு. இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். எனக்கு உறுத்தியது நாடித்துடிப்பு: அசையாமல் படுத்திருக்கிறவனுக்கு ஏன் 120? இ.சி.ஜி. முடிந்ததும், தளராமல் இருந்த விரல்களை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தோம். தாள் படபடவென்று ஆடியது. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் 0.01. தைராய்டு எகிறினால்தான் அது இப்படி அடங்கிப்போகும்.

தைராய்டு அதிகமாகி வருகிற திடீர் வாதம் இது. மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் ஏறும், ரத்தத்திலிருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடும். குளுக்கோஸ் பாட்டிலும் அதே வேலையைத்தான் செய்தது. பொட்டாசியம் எங்கேயும் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் அவசரப்பட்டு நிறையக் கொடுத்தால் திரும்பி வரும்போது மேலே போய் இதயத்தை அடிக்கும். மெதுவாக, குளுக்கோஸ் இல்லாத திரவத்தில் கொடுத்தோம், கூடவே ப்ரொப்ரனலால். மதியம் நடந்தான். தைராய்டு கட்டுக்குள் வந்தபிறகு மறுபடி வரவில்லை.

தைராய்டு பெண்களுக்கு வருவது என்ற நினைப்பு நமக்குள் ஊறிக்கிடக்கிறது. இந்த வாதம் மட்டும் பெரும்பாலும் ஆண்களைத்தான் பிடிக்கிறது, அதிலும் ஆசிய ஆண்களை.

தண்டையார்பேட்டை லேப்

டிஎஸ்ஹெச் குறைவு என்றதும் ஞாபகம் வந்தது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் 10 மி.கி. மாத்திரை போடுகிறவர்கள் ரொம்பப் பேர். சில மெஷின்களில் அது டிஎஸ்ஹெச்-ஐப் பொய்யாகக் குறைத்து, தைராய்டு ஹார்மோனான டி4-ஐப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஆள் நன்றாக இருப்பார், ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்தும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, கார்ட்டிசால் என்று எழுதினால் "காலை 8 மணி" என்றும் எழுதுங்கள் சார். டிபன் முடித்து, மார்க்கெட் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்து கை நீட்டுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை மகள்

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். தம்பி பிறந்தபோது ரத்தம் நிறையப் போய், பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் பிழைத்தார்களாம். அப்புறம் பால் சுரக்கவே இல்லை. ஆயா பால்சுறா புட்டு செய்து செய்து கொடுத்துப் பார்த்தது, ஒரு சொட்டும் இல்லை. தீட்டும் அதோடு நின்றுபோனது. "தொல்ல வுட்டுது" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

எனக்கு நினைவு தெரிந்து அம்மா எப்போதும் தூக்கம்தான். மே மாசத்திலும் ஃபேனை நிறுத்தச் சொல்லும். தோல் வறண்டு, அக்குளில் முடியெல்லாம் உதிர்ந்து. சோம்பேறி என்று அப்பாவும் திட்டினார், நானும் திட்டியிருக்கிறேன். தைராய்டு டெஸ்ட் எடுத்தோம், டிஎஸ்ஹெச் நார்மல். போன வருஷம் சாதாரணக் காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோடியம் 112. எல்லாரும் மூளைக்காய்ச்சலா என்று பார்க்க, ஒரு பயிற்சி டாக்டர் பெண் மட்டும் என்னிடம் வந்து, "கடைசிப் பிரசவத்துல பால் வந்துச்சா?" என்று கேட்டது. அங்கிருந்துதான் எல்லாம் அவிழ்ந்தது. ஸ்கேனில் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்க வேண்டிய குழி காலி என்றார்கள்.

இப்போது மாத்திரையில் இருக்கிறது. காலையில் தண்ணி லாரிக்கு முதல் ஆளாகப் போய் சண்டை போடுகிறது.

காசிமேட்டு டாக்டர்

@மகள், ஷீஹான் என்பவர் 1937-இல் விளக்கியது இது. கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெரிதாகியிருக்கும். அந்த நேரத்தில் ரத்தம் அதிகம் போனால் அதற்கு ஓட்டம் கிடைக்காமல் செத்துவிடும். டிஎஸ்ஹெச்-ஐச் சுரப்பதே பிட்யூட்டரிதான், அதுவே படுத்திருக்கும்போது அந்த எண்ணை நம்பக்கூடாது. ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்க்கணும். மருத்துவ நண்பர்களுக்கு: ஸ்டீராய்டு முதலில், தைராய்டு மாத்திரை அப்புறம். மாற்றிக் கொடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலும் தீர்ந்து அட்ரினல் நெருக்கடி வந்துவிடும்.

வியாசர்பாடி மருந்துக்கடை

நானும் தினம் பார்க்கிறேன். "சதை போடுற மாத்திரை" என்று கேட்டு வருவார்கள், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைத் தேற்ற வேண்டுமாம். சீட்டில்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். மூட்டுவலிக்கு என்று எங்கோ பொட்டலத்தில் தருகிற பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். கன்னம் உப்பி, கை கால் குச்சியாகி, வயிற்றில் ஊதா வரிகள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

காசிமேட்டு டாக்டர்

"உடனே நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அவர்கள் அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், சில சமயம் உயிருக்கே ஆபத்து. டெக்ஸாமெத்தசோன் கார்ட்டிசால் டெஸ்ட்டின் கணக்கில் வராது. அதனால் ஆளைப் பார்த்தால் ஸ்டீராய்டு பொங்கி வழியும், ரிப்போர்ட்டில் கார்ட்டிசால் தரைமட்டம். அந்த முரண்பாடே விடையைச் சொல்லிவிடும். பொட்டலத்தையும் பழைய அட்டையையும் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காலை மாத்திரை போடும் முன் கார்ட்டிசால் பார்த்துத்தான் விடவேண்டும். மாதங்கள் ஆகும். அதுவரை யாராவது பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால், ஸ்டீராய்டு சாப்பிட்டதை அங்கே சொல்லியே ஆகணும்.