மைத்ரி நிலையத்தில் தண்ணீரும் தீயும்

அண்டார்டிகா போய் வந்தேன் என்றால் சென்னையில் எல்லோரும் முதலில் கேட்பது, "பெங்குவின் பார்த்தீங்களா?" என்றுதான். நான் குளிர்காலம் முழுக்க இருந்த மைத்ரி, அங்கே இருக்கும் இந்திய ஆராய்ச்சி நிலையம். அது கடலோரத்தில் இல்லை. ஷிர்மாக்கர் என்ற பாறை நிலத்தில், கடலில் மிதக்கும் பனித்தட்டின் விளிம்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பெங்குவின் பார்க்க 2012-ல் திறந்த நம் இன்னொரு நிலையம் பாரதிதான் சரி. அது கடலை ஒட்டியது.

எங்களுக்கு வாய்த்தது ஸ்குவா. பருந்து மாதிரிப் பழுப்பு நிறக் கடற்பறவை. கோடையில் பாறைகளுக்கு நடுவே முட்டையிடும். அந்தப் பக்கம் போனால் நேராகத் தலையைக் குறிவைத்துப் பாயும். கைத்தடியை உயரத் தூக்கிப் பிடித்தபடி விலகி வந்துவிட வேண்டும். அதற்குச் சாப்பாடு போடவும் கூடாது. அது அதனுடைய இடம், நாம்தான் விருந்தாளி.

என் வேலை ஜெனரேட்டரும் குழாய்களும். வில்லிவாக்கத்தில் லாரித் தண்ணீருக்குக் குடம் போட்டு வளர்ந்தவன் நான். உலகத்து நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் உறைந்து கிடக்கும் கண்டத்துக்குப் போயும் தண்ணீர்க் கவலை விடவில்லை. மைத்ரிக்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் பிரியதர்ஷினி ஏரியிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் மேலே கெட்டியாக உறைந்துவிடும், ஆனால் அடியில் தண்ணீர் இருக்கும். அதை பம்ப் வைத்து இழுத்து, சூடேற்றும் கம்பி சுற்றிய குழாய் வழியாகக் கொண்டு வருகிறோம். கரண்ட் நின்றால் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் உறையும். உறையும்போது விரிந்து குழாயைப் பிளந்துவிடும். அதனால் ஜெனரேட்டர் தடுமாறினால் விளக்கு அப்புறம், முதலில் குழாய்.

ஜூன் முழுக்க, ஜூலையில் பெரும்பகுதி சூரியனே எழாது. நடுப்பகலில் வடக்கு அடிவானத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். அப்படி ஒரு நாளில் பனிப்புயல் ஓய்ந்ததும் ஏரிக் குழாயின் ஒரு இணைப்பு அடைத்துக்கொண்டது. கண்டத்தின் உட்பகுதியில் இருக்கும் பனிமேட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் காற்று அப்போதும் எங்களை நிற்க விடவில்லை. என்னோடு வந்த மதுரைத் தம்பி, "அண்ணே, கையுறையைக் கழட்டாதீங்க, நான் பிடிக்கிறேன்" என்று கத்திக்கொண்டே டார்ச் காட்டினான். சூடான காற்றை ஊதி ஊதி, இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினோம். சமையலறைக் குழாயில் மறுபடி தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். எந்த ஊதியமும் தராத நிறைவு அது.

தண்ணீருக்கு அடுத்த பயம் குளிரைவிடத் தீதான். காற்றில் ஈரமே இருக்காது, கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீரென்று ஷாக் அடிக்கும். தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் குறைவு, ஓடிப் போக வேறு ஊரும் கிடையாது. 1982-ல் இதே அண்டார்டிகாவில், சோவியத் நாட்டின் வாஸ்தோக் நிலையத்தில் குளிர்காலத் தொடக்கத்திலேயே மின்நிலையக் கட்டடம் எரிந்துபோனது. ஒருவர் இறந்தார். மீதி 20 பேர் தாங்களே செய்த அடுப்புகளை வைத்துக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். ஜெனரேட்டர் அறையில் இரவுப் பணி பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன். அதனால் தீ ஒத்திகை என்றால் எங்கள் குழுவில் ஒருவரும் சலித்துக்கொண்டதில்லை.

விஞ்ஞானிகள் மட்டும்தான் போக முடியும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. எலக்ட்ரீஷியன், வண்டி மெக்கானிக், சமையல்காரர், டாக்டர் இல்லாமல் அங்கே ஒரு நாள்கூட ஓடாது. இந்த வேலைகளுக்கு கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் விளம்பரம் செய்கிறது. மருத்துவப் பரிசோதனை கடுமையாக இருக்கும், பனிமலைப் பயிற்சியும் உண்டு. கைத்தொழில் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.