ஒன்பதாவது கேள்விக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காக, அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண் செவிலியர்களின் மன உளைச்சல், தற்கொலை எண்ணம் பற்றிப் படிவம் தயாரிக்கிறேன். அடிப்படை, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. பெயர் கேட்டால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். மேட்ரன் கண்ணில் பட்டுவிடுமே! சரி, பெயரே வேண்டாமென்றால், ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று டிக் அடித்தவரை எப்படிக் கண்டுபிடித்து உதவுவது? கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 போட்டிருக்கிறேன். அது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. நைட் டூட்டி முடிந்து நேரே அடுப்படிக்கு ஓடுகிறவர் எப்போது போன் செய்வார்?

இப்படி ஆய்வு செய்த அக்காக்கள் யாராவது இருந்தால், நெறிமுறைக் குழுவிடம் என்ன ஏற்பாடு காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், சரிபார்க்கப்பட்ட தமிழ்ப் படிவம் இருந்தால் அனுப்புங்கள்.