‘ட்ரை’ என்றதும் முகம் சுண்டிப்போனது

ஆங்கிலத்தில் சிரிப்பு, ஜோக் என்று பேசப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வீடியோ அழைப்பில் மேலாளர் என்னை இன்னொரு குழுவுக்கு அறிமுகப்படுத்தினார். “இவருக்கு ட்ரை சென்ஸ் ஆஃப் ஹியூமர்” என்றார். எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. ‘ட்ரை’ என்றால் வறண்டது என்றுதானே அர்த்தம்? வறட்டுப் பிடிவாதம், வறட்டு கௌரவம் என்று தமிழில் ‘வறட்டு’ சேர்ந்தாலே அது குறைதானே? அடுத்த இரண்டு வாரம் கூட்டங்களில் வாயே திறக்கவில்லை.

கடைசியில் அவரே தனியாகக் கூப்பிட்டு, ஏன் அமைதியாகிவிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் பதறிவிட்டார். முகத்தில் சிரிப்பின் சாயலே காட்டாமல், ஏதோ தகவல் சொல்வதுபோல வேடிக்கையாகப் பேசுவதற்குத்தான் அந்தப் பெயராம். பெரும்பாலும் பாராட்டாகவே சொல்வார்கள். நாம் மொக்கை என்கிறோமே, அதற்கு அவர்கள் சொல்வது ‘லேம் ஜோக்’.

அன்றிலிருந்து இந்த மாதிரி சொற்களைத் தனித்தனியாகப் படிப்பதில்லை, ஜோடியாகவே குறித்து வைக்கிறேன். நாம் ஜோக் அடிக்கிறோம். ஆங்கிலத்தில் அதை ‘கிராக்’ செய்ய வேண்டும், இல்லை ‘டெல்’ செய்ய வேண்டும், ‘ஹிட்’ ஒட்டாது. சொன்ன ஜோக் எடுபடவில்லையா, ‘ஃபெல் ஃப்ளாட்’. குபீரென்று சிரித்தால் ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’. ‘பர்ஸ்ட் இன்டூ’ என்று தொடங்கிவிட்டால் ‘லாஃப்டர்’ என்றுதான் முடிக்க வேண்டும். நம் வாயில் சாதாரணமாக வரும் ‘ஹியூமர் சென்ஸ்’ அங்கே ‘சென்ஸ் ஆஃப் ஹியூமர்’. எனக்கு மிகவும் பிடித்தது ‘கீப் எ ஸ்ட்ரெய்ட் ஃபேஸ்’. உள்ளே சிரிப்பு முட்டிக்கொண்டு வரும்போது முகத்தை மட்டும் அசையாமல் வைத்திருப்பது. அதைத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு முழு வாக்கியம் தேவைப்படுகிறது.

இப்படிக் கூடவே வரும் சொற்களுக்குக் ‘கொலோகேஷன்’ என்ற பெயரை மொழியியலில் 1950-களில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த். அவர் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியவர் என்று தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

சரி, உங்கள் அனுபவம்?

———

எனக்கு ‘ஃபன்னி’. கூட வேலை பார்ப்பவர் ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் ஏதோ ‘ஃபன்னி’யாக இருக்கிறது என்றார். நானும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரே தொகை இரண்டு வரியில் ஏறியிருந்தது. விரலால் இரண்டையும் தொட்டுக் காட்டினார். ‘எங்கேயோ இடிக்கிறது’ என்போமே, அதுதான். பால் ‘ஃபன்னி’யாக வாடை அடிக்கிறது என்றால் கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். யார் சொன்னாலும் இப்போது முதலில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

———

என் விஷயம் கொஞ்சம் வலித்தது. தோழி ஒருத்தி மேடையில் அருமையாகப் பேசினாள், அரங்கமே அதிர்ந்தது. அன்று இரவு அவளுக்கு, ‘வீ ஆல் லாஃப்ட் அட் யூ’ என்று செய்தி அனுப்பினேன். நம் மொழியில் ‘என்னைப் பார்த்துச் சிரித்தாள்’ என்றால் அது நட்பான புன்னகையாகவும் இருக்கலாம். புன்னகை, சிரிப்பு இரண்டையும் ‘சிரிப்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ‘லாஃப் அட்’ வந்தால் அது பெரும்பாலும் கேலி. அவள் மறுநாள் வரை பதில் போடவில்லை. ஃபோன் செய்து, ‘யூ மேட் அஸ் லாஃப்’ என்றுதான் சொல்ல வந்தேன், மன்னித்துக்கொள் என்றேன். எந்த இடத்தில் அதிகமாகச் சிரித்தார்கள் என்று ஆசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.