ஃபோர்டு 7.3 டீசலில் கேஜ் மாட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2001 ஃபோர்டு எஃப்-250. 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல், 4ஆர்100 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வீடு கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போக ஐ-5 நெடுஞ்சாலையில் கிரேப்வைன் மேட்டை ஏறித்தான் ஆகவேண்டும். 6 சதவீத ஏற்றம், உச்சி 4,100 அடிக்கு மேல். டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் ஏறும்போதும் டேஷ்போர்டு முள் எல்லாம் நடுவிலேயே நிற்கும். சரி, வண்டிக்கு ஒன்றும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

அந்த ஆயில் பிரஷர் முள்ளுக்குப் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச் என்று பிறகுதான் தெரிந்தது. அழுத்தம் 6, 7 பிஎஸ்ஐ வந்தாலே முள் நடுவுக்குப் போய்விடும். அப்புறம் 10 இருந்தாலும் 50 இருந்தாலும் ஒரே இடம்தான். கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் முள்ளும் எண் எதுவும் சொல்லாது. ஆட்டோமேட்டிக்குக்கு எமன் சூடுதான். 175 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகள் கணக்குச் சொல்வார்கள்.

அதனால் எண் காட்டும் கேஜ் மூன்று வாங்கினேன்: எக்ஸாஸ்ட் புகையின் சூட்டுக்குப் பைரோமீட்டர், புகையால் சுழலும் டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்துக்குப் பூஸ்ட், கியர்பாக்ஸ் ஆயில் சூட்டுக்கு டிரான்ஸ்மிஷன் டெம்ப். முன்கண்ணாடி ஓரத் தூணில் மூன்றையும் உட்காரவைக்கும் கூடு (பாட்) கிடைக்கிறது. வயரிங் அரைநாள் வேலை. பயமாக இருந்தது, பைரோ சென்சாருக்காக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாயில், ஓட்டை போடுவதுதான்.

டர்போவுக்குப் பின்னால் சென்சார் வைத்தால் வேலை சுலபம். ஆனால் பாரம் இழுக்கும்போது 200, 300 டிகிரி குறைத்துக் காட்டும். பிஸ்டன் அலுமினியம். அதைக் காப்பாற்றத்தான் இந்த கேஜே. அதனால் டர்போவுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் நேராக டர்பைன் இறக்கைக்குப் போகும். டிரில் பிட் முழுக்க கிரீஸ் தடவி, நாலு சுற்று சுற்றி வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி தடவி என்று மெதுவாகப் போனேன். அரிசிக் குருணை மாதிரி கறுப்பாக கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசிச் சுவர் உடையும் நேரத்தில் டிரில் சட்டென்று உள்ளே இழுக்கும், அங்கே அழுத்துவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சென்சாரை முறுக்க 1/8 என்பிடி அளவில் குழாய் மரை வெட்டினேன். காந்தத்தை விட்டு மூன்று முறை துழாவினேன். மூன்றாவது முறை சுத்தமாக வந்த பிறகுதான் சென்சாரை முறுக்கினேன்.

கியர்பாக்ஸ் சென்சாரை ஓட்டுநர் பக்கம் அழுத்தம் சோதிக்க விட்டிருக்கும் துளையில் (டெஸ்ட் போர்ட்) மாட்டினேன். டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டேன், முள் சரியாக அசையவில்லை. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப்பைப் பிரித்துவிட்டு மரைக்குக் கொஞ்சம் சீலண்ட் மட்டும் போட்டேன், சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கிரேப்வைன். பாதி ஏற்றத்தில் பைரோ 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. 1,250க்கு மேல் நீடிக்க விடக்கூடாது என்பார்கள். ஓவர்டிரைவை (மேல் கியரை) அணைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தேன். ஆர்பிஎம் ஏறியது, சூடு 1,100க்கு இறங்கியது. இத்தனை வருடம் எந்தச் சூட்டில் ஏறினேனோ!

*

வாசகர் பதில்: டாலஸ், டாட்ஜ் 5.9 கம்மின்ஸ்

அண்ணா, பைரோ வயரைப் பற்றி நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நீளம் பத்தவில்லை என்று சாதாரண செப்பு வயரை நடுவில் ஒட்டுப்போட்டேன். எஞ்சின் பே சூடாகச் சூடாக ரீடிங் தப்பாக வந்தது. அது தெர்மோகப்பிள், இரண்டு வேறு உலோகம். அதே வகை வயரால்தான் நீட்ட வேண்டும். மிச்சமிருந்தால் வெட்டாமல் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

*

வாசகர் பதில்: சாக்ரமென்டோ, ஃபோர்டு 7.3

எனக்குக் கைகொடுத்தது பூஸ்ட் கேஜ். வழக்கமாக 15 பிஎஸ்ஐக்கு மேல் வரும் ஏற்றத்தில் ஒரு நாள் 9ஐத் தாண்டவில்லை, பைரோ மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயில் கிளாம்ப் நழுவியிருந்தது, சுற்றிலும் எண்ணெய்க் கறை. ஸ்க்ரூடிரைவரால் முறுக்கிவிட்டு மறுபடி ஏறினேன். 16.