ஹட்ஸ்வெல் மதுவிடுதியை நடத்துவது யார்?

வாய்க்கால்மேடு:
"இங்கிலாந்துக் கிராமங்களில் ஊராரே மதுவிடுதி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் பத்திரிகைக் கதை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வடக்கு யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்றொரு சிற்றூர். அங்கிருந்த ஒரே விடுதியான ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008இல் மூடப்பட்டது. ஊரார் பங்குப் பணம் திரட்டி அதை வாங்கி 2010இல் திறந்தார்கள். உள்ளேயே மளிகைக் கடையும் நூலகமும் வைத்தார்கள். 2016ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த மதுவிடுதி என்று காம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பு அதைத் தேர்ந்தெடுத்தது. ஊரார்தான் நடத்துகிறார்கள். இது கதையா?

கணக்கன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். ஹட்ஸ்வெல்லில் கட்டடம் ஊராருடையது. விடுதியை நடத்துபவர் குத்தகைக்காரர். பீப்பாய் மாற்றுவதும் இரவில் கணக்கு முடிப்பதும் அவர். வாங்கினார்கள் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நடத்துகிறார்கள் என்று எழுதாதீர்கள்.

வாய்க்கால்மேடு:
குத்தகைக்காரரை அமர்த்தியது யார்? ஊரார். அப்படியானால் நடத்துவதும் ஊரார்தான்.

கணக்கன்:
என் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அவர் ஒருநாளும் ஏர் பிடித்ததில்லை. "நான் உழுகிறேன்" என்று அவர் சொன்னதும் இல்லை.

வேம்படி:
கணக்கன் ஐயா, அந்த மளிகைக் கடையில் சம்பளம் வாங்காமல் முறைவைத்து நிற்பவர்கள் ஊர்க்காரர்கள். அதையும் குத்தகைக்காரர் கணக்கில் எழுதிவிடுவீர்களா?

கணக்கன்:
கடை வேறு, விடுதி வேறு அம்மா. கேள்வி விடுதியைப் பற்றியது.

வாய்க்கால்மேடு:
இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஊராருக்கு இந்த உரிமையைக் கொடுத்ததால்தான் அவர்களால் வாங்கவே முடிந்தது.

கணக்கன்:
2010இல் திறந்த விடுதியை 2011ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி வாங்கிக் கொடுத்தது? மேலும், அந்தச் சட்டம் ஊராருக்குத் தருவது பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் மட்டுமே. அது முடிந்ததும் உரிமையாளர் தம் விருப்பப்படி யாருக்கும் விற்கலாம். முன்பு இங்கே நடந்த நூலக விவாதத்திலும் இப்படித்தான் ஆண்டைக் குழப்பினீர்கள்.

வாய்க்கால்மேடு:
நூலக விவாதத்தை இழுக்காதீர்கள். அங்கே தோற்றது நீங்கள். சட்டத்தின் ஆண்டு தவறாகவே இருக்கட்டும், நடத்துவது ஊரார்தான்.

தென்னந்தோப்பு:
தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மரமேறியின் பிழைப்பு போயிற்று. அதைப் பேச இங்கே ஆளில்லை, யார்க்‌ஷயர் பீப்பாய்க்கு இத்தனை வக்காலத்து!

வேம்படி:
கள்ளுக்கடை வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்ற பிள்ளை நான். அதைத் திறக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

தென்னந்தோப்பு:
உங்கள் அப்பா குடித்ததற்கு எங்கள் மரம் என்ன செய்யும் அக்கா?

வேம்படி:
மரத்தை நான் குறை சொல்லவில்லை. ஹட்ஸ்வெல்லில் புத்தகம் எடுக்கவும் ரொட்டி வாங்கவும் பிள்ளைகளோடு உள்ளே போகிறார்கள். அந்தக் கள்ளுக்கடைக்குள் என் அம்மா ஒருநாளாவது போயிருக்க முடியுமா?

கணக்கன்:
இருவரும் கள்ளுக்குத் தனி இழை தொடங்குங்கள். வாய்க்கால்மேடு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் குத்தகைக்காரர் நாளைக்கே விலகிவிட்டால் விடுதியை யார் திறப்பார்கள்?

வாய்க்கால்மேடு:
ஊரார் திறப்பார்கள். மூடிக் கிடந்ததை ஒருமுறை திறந்து காட்டியவர்கள்தானே?

கணக்கன்:
வேறொரு குத்தகைக்காரரைத் தேடுவார்கள். முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன்.

வாய்க்கால்மேடு:
தேடுவது யார்? ஊரார்!